திரும்பி வந்த தொப்பிகள்

செட்டிபாளையத்திலிருந்து ஒரு மீன்பிடிக்காரன் கிளெனின் பட்டறைக்கு வந்தான். பிறந்த அன்றைக்கே கண்ணை மூடிவிட்ட பிள்ளைக்கு ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதைச் சொல்ல வந்தவனுக்கு வாய் எழும்பவில்லை. இரண்டு கைகளையும் இவ்வளவுதான் என்று அகட்டிக் காட்டினான். கிளென் மாம்பலகையை எடுத்து அறுத்து, சீவி, சிராய் குத்துகிறதா என்று உள்பக்கமெல்லாம் கையால் தடவிப் பார்த்து, பெட்டியை முடித்தான். பிள்ளையை ஆஸ்பத்திரித் துணியோடு உள்ளே வைத்துவிட்டுத் தகப்பன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான். அந்த நேரம் பார்த்து, கிளென் தன் பையிலிருந்து கம்பளி நூலில் பின்னிய ஒரு ஊல் தொப்பியையும் ஒரு சோடிக் காலுறையையும் எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு மூடியை மெல்ல வைத்தான். தகப்பனிடமும் சொல்லவில்லை, வீட்டிலே அக்கா பட்ரிசியாவிடமும் சொல்லவில்லை.

பட்ரிசியாவுக்கு அது தெரிய வந்தது பிறகுதான். கல்லறைத் திருநாளுக்கு அந்தத் தாய் ஒரு பொதி கருவாட்டோடு வந்து வாசலில் நின்றாள். "மூடியத் திறந்து பார்க்கக்குள்ள பிள்ளை நித்திரை கொள்ளுற மாதிரி இரிந்திச்சி. குளிராது எண்டு நினைச்சன். அந்த நினைப்புத்தான் எனக்கு மிச்சம்" என்றாள். பட்ரிசியா கருவாட்டை வாங்கி வைத்துவிட்டு, உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் ஊர் இருக்கிறதே. செட்டிபாளையத்தில் ஒரு தாய்க்கு ஆறுதலாக இருந்த தொப்பி, பாலம் கடந்து கிளென் இருக்கிற புளியந்தீவுக்கு வருவதற்குள் வேறொன்றாகிவிட்டது. செத்த வீட்டில் அதைப் பார்த்த ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள். அவள் இன்னொருத்திக்குச் சொன்னாள். கடைசியில், "பெட்டி அடிக்கிற கிளென் பின்னுற தொப்பி செத்த பிள்ளைக்குரியது, உசிரோட இரிக்கிற பிள்ளைக்குப் போட்டா அந்தப் பிள்ளையையும் கூப்பிடும்" என்று முடிந்தது. இதைச் சொன்னவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர்கள். ஒரே கடவுளை விசுவசிக்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிட்டு, வெளியே வந்து ஒரு முழ நூலுக்குப் பயந்தவர்கள்.

கிளெனுடைய கதையை முதலிலிருந்து சொல்லத்தான் வேண்டும். தகப்பன் நல்ல தச்சர். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் உளி பிடிக்காத கை இல்லை. மேசை, அலுமாரி, கட்டில், கோயிலில் சனம் இருக்க வாங்கு என்று செய்தவர்கள். சண்டைக் காலம் வந்தது. அலுமாரி செய்விக்க யாருக்கும் மனமில்லை, பெட்டிதான் தேவைப்பட்டது. தகப்பனும் கிளெனும் பெட்டி செய்தார்கள். பட்ரிசியாவின் மூத்த தம்பி ஏர்னஸ்ட் மட்டும் கந்தோரில் எழுத்து வேலை தேடிக்கொண்டு, உடுப்பில் மரத்தூள் படாத மனிசனாகிவிட்டான். வீட்டில் அடுப்பு எரிந்தது கிளெனின் கைத்தொழிலில்தான். அதைச் சொல்லிக்காட்ட கிளெனுக்குத் தெரியாது. பட்ரிசியாவுக்குத் தெரியும்.

ஊல் பின்னப் பழகியது ஒரு விபத்தில். பலகை அடுக்கு சரிந்து கால் முறிந்து படுத்துக் கிடந்தபோது, பார்க்க வந்த ஒரு கன்னியாஸ்திரி, "சும்மா கிடந்தா மனம் கெட்டுப் போகும்" என்று ஒரு பந்து ஊலையும் ஊசியையும் கையில் கொடுத்தார். ஒரு ஊசி தொலைந்ததும் சைக்கிள் கம்பியைத் தீட்டி இரண்டு ஊசி அவனே செய்துகொண்டான். கால் சரிவந்தும் கை நிற்கவில்லை. பட்டறையில் மினுக்குப் பூச்சுக் காயும் நேரமெல்லாம் பின்னினான்.

"ஆம்பிளை செய்யிற வேலையா இது? வாவிப் பக்கம் போய் வலையாவது பின்னு" என்று பட்ரிசியா ஏசினாள்.

"அதுவும் கண்ணி, இதுவும் கண்ணி. வலையில மீன் சாகும் அக்கா. இதுல ஒண்டும் சாகாது" என்றான்.

மட்டக்களப்பு வெயிலில் ஊல் எதற்கு என்று கேட்கலாம். இங்கே பிறந்த பிள்ளைக்கு ஊல் தொப்பியும் காலுறையும் போடாமல் எந்தத் தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாள்? வெளியே தார் உருகும், பிள்ளை மட்டும் மலைநாட்டுக்குப் போகிறதுபோல மூடிக் கட்டிக்கொண்டு வரும். காற்று காதுக்குள் போய்விடுமாம். ஆகவே சொந்தத்திலோ அயலிலோ ஒரு பிள்ளை பிறந்தது என்று கேள்விப்பட்டால் கிளென் உடனே ஊசியை எடுப்பான். அளவு எடுப்பது கிடையாது. தகப்பனுடைய தலையைப் பார்த்தால் அவனுக்குப் போதும்.

கொடுக்கும்போது எல்லாரும் இரண்டு கையும் நீட்டித்தான் வாங்கினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுக் கம்சாயினி, "ஐயோ அங்கிள், எவ்வளவு வடிவு" என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நீல நிறத் தொப்பி அது. கிளென் அந்தச் சந்தோசத்தில் அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான்.

அந்த நீலத் தொப்பியைப் பட்ரிசியா பிறகு பார்த்தது கோயிலில்.

மழைக்காலத்தில் வெள்ளம் வரும். வெள்ளத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கு என்று கோயில் கதவடியில் ஒரு பெரிய கூடை வைப்பார்கள். அந்தக் கூடையைப் பார்த்தால் ஊருடைய மனம் தெரியும். பொத்தான் இல்லாத சேட்டு, சிப் உடைந்த காற்சட்டை, ஒற்றைச் செருப்பு, வேலைக்காரியும் வேண்டாமென்ற சாரி. கடவுளுக்குக் கொடுக்கிறார்களாம். கூடையைப் பிரித்து அடுக்குவது தாய்மார் சங்கம். அதற்குத் தலைவி ஏர்னஸ்டின் பெண்சாதி மேர்லின். கொடுக்கலாம் என்பது ஒரு பக்கம், கொடுக்க முடியாதது ஒரு உரப்பைக்குள், நிலம் துடைக்க. கோயில் கூட்டிப் பீடத்துணி துவைப்பது பட்ரிசியாவின் பொறுப்பு ஆகையால் அந்த உரப்பை கடைசியில் அவளிடம்தான் வரும்.

உரப்பைக்குள் நீலத் தொப்பி கிடந்தது. ஒரு நாள்கூடப் போடாதது. அதன் அடியில் ஒரு மஞ்சள். அதற்கும் அடியில் அடுத்த தெரு அலனுடைய பிள்ளைக்குப் பின்னிய பச்சை. வீட்டில் வைத்திருக்கப் பயம். குப்பையில் போடவும் பயம், சாபம் பிடித்துவிடும். கோயில் கூடையில் போட்டால் பயமும் தீரும், புண்ணியமும் சேரும். எப்படிப்பட்ட மூளை என்று பட்ரிசியா வியந்துபோனாள். மேர்லினுடைய சங்கம் மட்டும் என்ன, வெள்ளத்தில் நனைந்து கிடந்த பிள்ளைகளுக்குக்கூட அதைக் கொடுக்க விடாமல் நிலம் துடைக்கத் தள்ளியிருந்தது. ஊல் தண்ணியை உறிஞ்சாது, நிலமும் துடைக்க முடியாது என்ற அறிவுகூட அந்தத் தலைவிக்கு இல்லை.

பட்ரிசியா தொப்பிகளை முந்தானைக்குள் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கிளெனிடம் என்னவென்று சொல்வது? சொன்னால் அந்த ஊசி நின்றுவிடும். ஊசி நின்றால் அவனுக்குப் பட்டறையும் பெட்டியும்தான் மிச்சம். அவள் யோசித்தாள். தொப்பி பின்ன அவளுக்குத் தெரியாது. அவிழ்க்கத் தெரியும். முடிச்சைத் தேடிப் பிடித்து இழுத்தால் ஒரு தொப்பி சொல்லாமல் கொள்ளாமல் கையோடு வந்துவிடும். அவிழ்த்த நூல் கண்ணி கண்ணியாகச் சுருண்டு நிற்கும். அதைச் சுற்றிக் கட்டி, சவர்க்காரம் போட்டு அலசி, சமையலறைக்குப் பின்னால் தொங்கவிட்டு, நுனியில் பழைய இஸ்திரிப் பெட்டியைப் பாரமாகக் கட்டினாள். காய்ந்தபோது நூல் நேராகிவிட்டது. பந்தாகச் சுற்றிக் கிளெனுடைய கூடையில் போட்டாள்.

"ஏது அக்கா நூல்?"

"ஜிப்ரி நானாட கடையில. குறைச்சுப் போட்டுத் தந்தவர்."

கிளென் நூலை விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தான். "நல்ல நூல்" என்றான். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அது ஒரு வேலையாகிவிட்டது. அவன் பின்னுவான், கொடுப்பான். அது கூடைக்கு வரும், உரப்பைக்கு வரும், பட்ரிசியாவிடம் வரும். அவள் அவிழ்ப்பாள், ஜிப்ரி நானா கடையிலிருந்து திரும்ப வரும். அலன் வீட்டுப் பச்சைத் தொப்பி வேறொரு வீட்டுக்குக் காலுறையாகப் போய்த் திரும்பி வந்தது. பிறகு இன்னொரு வீட்டுக்குத் தொப்பியாகவே போய் மறுபடியும் வந்தது. ஊர் முழுக்கச் சுற்றிய அந்தப் பச்சை நூல் ஒரு பிள்ளையின் தலையில்கூட ஏறவில்லை.

பொய் சொல்வது பாவம் அல்லவா. பட்ரிசியா பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொன்னாள். பாதர் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே வந்து பார்த்தால், கூடையில் தொப்பி போட்டவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். இவர்கள் உள்ளே போய் எதைச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கோபப்பட்டேன் என்பார்கள். பூசைக்குப் பிந்தி வந்தேன் என்பார்கள். அவள் முழந்தாளிட்டு, அந்த ஒரு மந்திரத்தை அவர்களுக்காகவும் சேர்த்துச் சொன்னாள். சொல்லும்போதும் அவர்களை மதிக்க முடியவில்லை.

இப்படி இருக்கையில் ஏர்னஸ்டின் மகள் ஷெரோனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அந்த வீட்டுக்கு முதல் பேரன். கிளென் சாதாரணமாக யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்கு நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு பட்ரிசியாவோடு அவர்கள் வீட்டுக்குப் போய், கதிரை நுனியில் குந்தி, "பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்கு நான் தொப்பி பின்னட்டா?" என்று கேட்டான்.

ஏர்னஸ்ட் மேர்லினைப் பார்த்தான். மேர்லின் ஷெரோனைப் பார்த்தாள். ஷெரோன் போனைப் பார்த்தாள்.

"பின்னுங்க, அதுக்கென்ன" என்றாள் மேர்லின்.

திரும்பி வரும் வழியில், வாவிக்கரையில் காற்று வாங்க நின்றபோது கிளென் சொன்னான்: "நம்மட வீட்டுப் பிள்ளை ஒண்டு போட்டிருக்கிறத என்ட கண்ணால பார்க்கோணும் அக்கா. ஒருக்காப் பார்த்தாப் போதும்."

பட்ரிசியாவுக்கு அப்போதே கோயில் உரப்பைதான் நினைவில் வந்தது. ஆனாலும் சொந்த இரத்தம், அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று மனதைத் தேற்றினாள். மற்றவர்களை எடைபோட அவளுக்குத் தெரியும். சொந்தத்தை எடைபோடும்போது மட்டும் தராசில் கைவைத்துவிட்டாள்.

அந்தத் தொப்பிக்குக் கிளென் பழைய நூலைத் தொடவில்லை. கொழும்புக்குச் சாமான் ஏற்றப் போகிற வான்கார றிஸானிடம் சொல்லிவிட்டு, நல்ல வெள்ளை ஊல் எடுப்பித்தான். கையை ஒவ்வொரு தரமும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஊசியைத் தொட்டான், மினுக்குப் பூச்சு பட்டுவிடும் என்று. காது மூடும் இடத்தில் இரண்டு பக்கமும் சின்ன மடிப்பு. ஓரத்தில் சிலுவை போல ஒரு பின்னல். பட்ரிசியா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவிழ்க்கிறவள் என்றபடியால் அவளுக்கு ஒரு பின்னலின் இறுக்கம் தெரியும். இதை அவிழ்க்க ஒரு முடிச்சும் அகப்படாது போல இருந்தது.

ஞானஸ்நான நாள் வந்தது. கிளென் கோயிலில் மூன்றாம் வாங்கில் இருந்தான், சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்து. பிள்ளை வந்தது. மெல்பேர்னிலிருந்து வந்த சாட்டின் உடுப்பு, அதே சாட்டினில் ஒரு தொப்பி, தொப்பியைச் சுற்றிப் பூ. கலியாணக் கேக்கின் மேல் வைப்பார்களே, அதுபோல இருந்தது பிள்ளை. சாட்டின் வழுக்கி ஒரு பக்கம் சரிந்து கண்ணை மறைத்தது. பிள்ளை வீரிட்டுக் கத்தியது.

கிளென் குனிந்து பட்ரிசியாவிடம், "காதை மூடல்ல" என்றான். பிறகு செபப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டான். பக்கம் புரட்டவே இல்லை.

பட்ரிசியா பூசை முடியும்வரை பொறுத்தாள். முடிந்ததும் பின்னறைக்குப் போய் உரப்பையைக் கவிழ்த்தாள். வெள்ளைத் தொப்பி அதற்குள் கிடந்தது. விருந்து முடியும்வரைக்கும்கூட வீட்டில் வைத்திருக்க அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்த கையோடேயே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

படம் எடுத்துக்கொண்டு நின்ற மேர்லினை அவள் தூணோரம் கூப்பிட்டாள்.

"இது என்ன, மேர்லின்?"

"மச்சாள், பிள்ளைக்கு வேர்க்கும். ஊல் தானே."

"அப்ப சாட்டினுக்குள்ள குளிருதாக்கும். அதான் அந்தக் கத்துக் கத்துது."

"இண்டைக்கு நல்ல நாள் மச்சாள். சத்தம் போடாதீங்க."

"நான் எங்க கா சத்தம் போட்டன்? கேட்கிறன். எங்கட தம்பிட கையில அப்படி என்ன இரிக்கி?"

மேர்லின் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரியாததா. பெட்டி அடிக்கிற கை. எனக்கு அதுல நம்பிக்கையில்ல, சனம்தான் கதைக்கும்."

"உங்கட அப்பாக்குப் பெட்டி அடிச்சதும் இந்தக் கைதான். கைபிடி பித்தளையில போடுங்க கிளென் எண்டு இந்தக் கையத்தான் பிடிச்சு அழுதீங்க. அண்டைக்குச் சனம் ஒண்டும் கதைக்கல்லையா?"

"அப்பா செத்தவர் தானே மச்சாள். அது பரவாயில்ல."

"அப்ப நாங்க உங்களுக்குச் செத்தவங்கட பக்கத்துச் சொந்தம். சரி. இனி அப்படியே இரிப்பம்."

ஷெரோன் கொஞ்சம் தள்ளிப் பிள்ளையோடு நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. வங்கியில் வேலை, படித்த பிள்ளை. மூடநம்பிக்கை அம்மாவுக்கு மட்டும்தானாம், தனக்கு இல்லையாம். ஆனால் தொப்பியை வாங்கிப் பிள்ளைக்குப் போட ஒரு கை எழும்பவில்லை. குனிந்து சாட்டின் பூவைச் சரிசெய்தாள்.

விருந்தில் கிளென் கேக் சாப்பிட்டான், வைன் குடித்தான், நல்லாயிருக்கு என்று சொன்னான். பிள்ளையைத் தூக்கக் கேட்டான். "இப்பதான் நித்திரையானவன், அங்கிள்" என்றார்கள். பிள்ளை கண்ணை முழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பட்ரிசியா அந்த வெள்ளைத் தொப்பியைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவிழ்க்கவில்லை. பீடத்துணிகளுக்குக் கீழே அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். கிளென் மறுநாள் கூடையில் கிடந்த பச்சைப் பந்தை எடுத்துக்கொண்டு, யாருடைய பிள்ளைக்கோ பின்ன உட்கார்ந்துவிட்டான்.

"உனக்கு வெக்கமில்லையா தம்பி?" என்று அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"பிள்ளை பிறந்திரிக்கே அக்கா" என்றான்.

அவள் ஊரை வெறுத்தது பாதி, இவனுடைய இந்த மெத்தனத்தை வெறுத்தது மீதி. ஒருநாளாவது ஒரு தொப்பியைத் தூக்கி ஒருவன் முகத்தில் எறிந்திருந்தால் அவளுக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

அடுத்த மழைக்கு முன் கிளெனுக்கு நெஞ்சு நோவு வந்தது. இங்குள்ள டொக்டர்மார் பார்த்துவிட்டு, இருதயத்தில் அடைப்பு, கொழும்புக்குப் போய் நெஞ்சை வெட்டி ஒப்பரேசன் செய்யவேண்டும் என்றார்கள். பட்ரிசியா கூடப்போகக் கேட்டாள். அவளுக்கு முழங்கால் வருத்தம், அவ்வளவு தூரம் ரயிலில் இருக்க முடியாது என்று அவன் விடவில்லை. கொழும்பில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி மத்தேயு வந்து கூட்டிக்கொண்டு போனான். விடியற்காலை ரயில். ஏர்னஸ்ட் வழியனுப்ப வரவில்லை, கந்தோரில் வேலையாம். போனில் செபித்தான். நல்ல நீளமான செபம்.

கிளென் ஒப்பரேசன் கட்டிலிலிருந்து எழும்பவில்லை. கர்த்தர் அவனை அங்கேயே எடுத்துக்கொண்டார்.

சவப்பெட்டி விற்கிற கொழும்பு மலர்ச்சாலையின் பெட்டியில் வந்து சேர்ந்தான். ஊர் முழுக்கப் பெட்டி செய்து கொடுத்தவனுக்குக் கடைப்பெட்டி. மினுமினுப்பு அதிகம், கைப்பிடி பிளாஸ்டிக்கில் தங்கப்பூச்சு, மூடி ஒரு பக்கம் பொருந்தாமல் இளித்துக்கொண்டிருந்தது. பட்ரிசியா உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். சிராய் குத்தியது. பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

செத்த வீட்டில் மேர்லினுடைய சத்தம்தான் பெரிது. "என்ட மச்சான் போயிட்டாரே, தங்கக் கையல்லோ" என்று பாலத்தடிவரைக்கும் கேட்க அழுதாள். கம்சாயினியும் அழுதாள். கூடையில் தொப்பி போட்ட எல்லா வீட்டிலிருந்தும் மலர்வளையம் வந்தது. கண்ணீருக்கு ஒரு குறைச்சலும் இல்லை. செத்தவர்களுக்கு அது பரவாயில்லை போலும்.

அந்த வெள்ளைத் தொப்பியைக் கிளெனுடைய கையில் வைத்து அனுப்பலாம் என்று பட்ரிசியாவுக்கு ஒரு நினைப்பு வந்தது. அலுமாரிவரைக்கும் போனாள். சாவியைப் போட்டாள். பிறகு திறக்காமல் நின்றுவிட்டாள். வைத்தால் இவர்கள் பார்ப்பார்கள். பார்த்தீங்களா, அது செத்தவங்களுக்குரிய தொப்பிதான் என்பார்கள். சொன்னது சரியாகிவிட்டது என்று சந்தோசமாக வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சந்தோசத்தை அவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. அது உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் பின்னிய தொப்பி. இன்றைக்கும் அந்த அலுமாரியில்தான் இருக்கிறது.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அந்த விடியற்காலையில் ஸ்டேசனில் நின்றபோது அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. மத்தேயு பையை ஏற்றிவிட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தான். கிளென் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, போயிட்டு வாறன் என்று சொல்வதுபோல அவளுடைய தோளில் கைவைத்துச் சொன்னான்:

"அக்கா, ஜிப்ரி நானா ஊல் விக்கிறத விட்டு எவ்வளவு காலம். அந்தப் பச்சைய இனி அவிழ்க்காதீங்க, நூல் இளைச்சுப் போச்சு. றிஸானிட்டப் புது நூல் சொல்லி வெச்சிரிக்கன், நான் வந்து பின்னுறன். சனம் கூடையில கொண்டு வந்து போடுறதுக்கும் நல்ல நூலா இரிக்கோணும் தானே."